ஆபீஸ் பேச்செடுத்தால் கடல்

அந்த விதியைப் போட்டவனே நான்தான். ஆகவே இன்னொருவன் மேல் பழி போட எனக்கு வாயில்லை. இருந்தாலும் போடத்தான் போகிறேன்.

நாங்கள் மூன்று பேர். லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெட்டை அப்போது மெஷின் ஓட்டினான், இப்போது தொழிற்சாலைக்கே மேனேஜர். டாக்டர் என்றால் வைத்தியம் பார்க்கிறவன் என்று நினைக்க வேண்டாம். தும்மினால் ஒரு மாத்திரை, தூக்கம் வராவிட்டால் ஒரு மாத்திரை என்று பை நிறையச் சுமந்து திரிவதால் வந்த பெயர் அது. அவன் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். நான் மை கலக்குகிறவன். பிஸ்கட் பாக்கெட்டின் சிவப்பு போன தடவை வந்த மாதிரியே இந்தத் தடவையும் வர வேண்டுமென்றால் அது என் அறையிலிருந்துதான் புறப்பட வேண்டும். அதனால் எனக்குக் 'கலரு' என்று பெயர். நகத்திடுக்கில் ஏதாவது ஒரு நிறம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு வந்தால் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். துடுப்புப் படகு, பாறை ஏற்றம் என்று வயதுக்கு மீறின ஆட்டமெல்லாம் ஆடுவோம். முதல் தடவை போனபோது மூன்று நாளும் சூப்பர்வைசரைத் திட்டியே தீர்த்தோம். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. கடுப்பாகிப்போய் நான்தான் சொன்னேன். இனிமேல் இங்கே ஆபீஸ் பேச்சை எடுக்கிறவன், போட்டிருக்கிற துணியோடு கடலில் இறங்கித் தலை மூழ்க ஒரு முழுக்குப் போட வேண்டும். மற்றவர்கள் துண்டோடு கரையில் நிற்பார்கள். அன்றிலிருந்து இதுதான் எங்கள் சட்டம். மேனேஜரான பிறகும் நெட்டை இதில் சலுகை கேட்டதில்லை, அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

இந்த வருடம்தான் எனக்கு ஆபீஸ் பேசியே ஆக வேண்டியிருந்தது.

வேறொரு ஊரில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டிருந்தது. மை அறைக்கு என்னையே தலைவனாகப் போடுவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். இங்கேயோ பின்பக்க ஷெட்டில் ஒரு புது மெஷின் தார்ப்பாய் போர்த்தி நின்றது. தன் மையைத் தானே கலந்துகொள்ளும் என்று பேச்சு. எனக்கு இருப்பதா போவதா என்று புரியவில்லை. என் மனைவிக்கு மட்டும் குழப்பமே இல்லை.

"நெட்டை அண்ணனைக் கேளுங்க. அவருக்குத் தெரியாம அங்க எதுவும் நடக்காது. அவர் இருன்னா இருப்போம், போன்னா போவோம். நீங்களா யோசிச்சு எதையும் கோட்டை விட்டுடாதீங்க."

ஆபீசில் கேட்டேன். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் ஓடிக்கொண்டே, "டிரிப்ல பேசுவோம்டா, அங்கதான் நிம்மதியா பேச முடியும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். சரி என்று விட்டேன். மை டின்கள் வேறு காலியாகிக்கொண்டு வந்தன. டாக்டரைக் கேட்டால் "வண்டி வரும், வண்டி வரும்" என்றான். நானும் வரும் என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலை படகு. இரண்டு பேர் உட்காரும் படகில் நெட்டை முன்னால், நான் பின்னால். டாக்டர் தனிப் படகில் வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்தான். கரை தள்ளிப் போனதும், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ஆரம்பித்தேன்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தப் புது மெஷின் ஓட ஆரம்பிச்சா என் ரூமு என்ன ஆகும்?"

அவன் துடுப்பு தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது. முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. பிறகு உரக்கக் கத்தினான்.

"டாக்டரே! கலரு ஆபீஸ் பேசிட்டான்! இறக்குடா இவனை!"

இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினான். நான் தண்ணீரில் கிடந்தேன். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தலை மூழ்கவே மாட்டேனென்றது. மூழ்காவிட்டால் முழுக்கு செல்லாது என்று டாக்டர் படகை ஒட்டிக் கொண்டுவந்து, உச்சந்தலையில் கையை வைத்து அமுக்கினான். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி இருமினேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் பாறை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் செங்குத்தான பாறை அது. கயிறும் தலைக்கவசமும் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பயிற்சியாளர் அம்மாள் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறவன் இடுப்பில் கட்டின கயிறு உச்சியில் ஒரு வளையத்துக்குள் போய்த் திரும்பக் கீழே வரும். கீழே நிற்கிறவன் அதைப் பிடித்திருப்பான். ஏறுகிறவன் தவறி விழுந்தால் இவன் பிடிதான் காப்பாற்ற வேண்டும். எனக்குக் கயிறு பிடித்தவன் நெட்டை.

அந்த ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது பாறை உச்சியில் மட்டும்தான். விடுதியில் ஒரு கோடுகூடக் காட்டாது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு அவனிடம் சொன்னேன்.

"பத்து முழுக்கு போடச் சொல்லு, போடறேன். அட்டைப்பெட்டிக்காரன் இன்னிக்குச் சாயங்காலம் பதில் கேக்கறான். நான் போகவா, இருக்கவா? அதை மட்டும் சொல்லுடா."

அவன் என் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தான். கொக்கியைப் பார்த்தான். மறுபடியும் பட்டையை இழுத்தான். அவ்வளவு அக்கறை.

"மேல ஏறுடா. கயிறு என்கிட்டதானே இருக்கு? அப்புறம் என்ன பயம் உனக்கு?"

அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். விதியையும் மீறாமல், எனக்கும் புரிகிற மாதிரி, எவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டான் என்று மெச்சிக்கொண்டே ஏறினேன். முழங்கை சிராய்த்தது, கவலைப்படவில்லை.

உச்சியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக் கம்பெனியைக் கூப்பிட்டேன். "இல்லைங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றேன். "நல்லா யோசிச்சீங்களா? அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார் அந்த மனிதர். நல்லவர், இரண்டு தடவை கேட்டார். யோசித்தாயிற்று என்றேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டான். இருந்துடுவோம்."

அவள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பாறை விளிம்புக்கு வந்து கீழே பார்த்துக் கத்தினேன்.

"மச்சான்! வேண்டாம்னு சொல்லிட்டேன்டா!"

நெட்டை அண்ணாந்து பார்த்தான். வெயில் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. டாக்டர் குனிந்து பைக்குள் ஏதோ மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தான். கொஞ்சம் கழித்து, "மெதுவா இறங்கு" என்று மட்டும் குரல் வந்தது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பூப்போல என்னைத் தரையில் இறக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். விடுதி அறையில் ஜன்னலோரக் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கதவோரம் படுத்தான். எழுந்திருப்பதற்குள் கெட்டிலில் டீ போட்டுத் தலைமாட்டில் வைத்தான். சிராய்த்த முழங்கைக்கு மருந்து தடவினான். மேனேஜரானாலும் தலைக்கனம் இல்லாதவன், இப்படியொருவனை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகப் பார்த்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையனை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

திங்கட்கிழமை காலை ஊருக்குக் கிளம்பினோம். பைகளை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நெட்டை போனை எடுத்துக் கார் பானெட்டின் மேல் வைத்தான். பர்சையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்தான். இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் போட்டபடியே மணலில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தான்.

எனக்கு ஒரே சிரிப்பு. பையிலிருந்து துண்டை உருவிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"என்னடா இது, யார்கிட்ட என்ன உளறின? நான் எதுவும் கேக்கவே இல்லையே!"

அவன் திரும்பவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு என்று போய், தலை மூழ்க ஒரு முழுக்குப் போட்டான். வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே இருந்தான். சட்டை உடம்போடு ஒட்ட, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று கரைக்கு வந்து என் முன்னால் நின்றான். துண்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"ஆபீஸ் பேசணும்டா" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலைல உன் ரூமை மூடறாங்க. மை கலக்கற வேலையே இனிமே இல்ல. அந்த மெஷினே பாத்துக்கும். நீ ஒருத்தன்தான் போறே. நாளைக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது நான்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மெஷின் வந்தப்பவே தெரியும்."

துண்டு இன்னும் என் கையில் நீட்டியபடியே இருந்தது. கையை மடக்கத் தோன்றவில்லை.

"சனிக்கிழமை நான் கேட்டேனேடா. கயிறு உன் கையிலதானே இருந்துச்சு?"

"விஷயத்தை வெளிய விட்டா என் வேலையும் போகும்னு சொல்லிட்டாங்கடா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு." மூக்கிலிருந்து வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமையே உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான்தான் லீவு முடியட்டும்னு கெஞ்சி வாங்கினேன். அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாதுன்னுதான் விட்டாங்க. இந்த மூணு நாளாவது நீ சந்தோஷமா இருக்கணும்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் சனிக்கிழமை நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அதை அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பாறைக்குக் கீழே நின்றபோதே அவனுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறான். என்னைத் தள்ளிவிட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

காருக்குத் திரும்பினேன். டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கும் தெரியுமா?"

"மை ஆர்டர் போட வேண்டாம்னு சொன்னாங்க. ஏன்னு நான் கேட்டுக்கல." அவன் கை தானாகவே பைக்குள் போனது. "தலை வலிக்குதா? ஒண்ணு தரட்டுமா?"

துண்டை மடித்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காய்ந்த கழுத்தில் காய்ந்த துண்டு.

டாக்டர் ஓட்டினான். நெட்டை முன்சீட்டில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான். மாற்றுத்துணி எடு என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் போன் உயிர் பெற்றதும் அட்டைப்பெட்டிக் கம்பெனியைக் கூப்பிட்டேன். லீவு நாளிலும் அந்த மனிதர் எடுத்தார். "அடடா, நேத்தே ஒருத்தருக்குச் சொல்லிட்டோமேங்க" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். முன்னால் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நான் ஆபீஸ் பேச ஆரம்பித்தேன். இருமல் மருந்துப் பாட்டிலின் பச்சைக்குக் கடைசியில் ஒரு சொட்டுக் கறுப்பு விட வேண்டும், அதை அந்த மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். என் அலமாரி சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லும்போது கதவைச் சாத்துவானா, திறந்து வைப்பானா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இடது பக்கம் கடல் கூடவே வந்துகொண்டிருந்தது. ஒருவனும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

கடல் மறைகிற இடத்தில் என் மனைவி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிளம்பிட்டீங்களா? பக்கத்துல அண்ணன் இருக்காரா?"

"இருக்கான். பேசு" என்று போனை முன்சீட்டுக்கு நீட்டினேன். நெட்டை வாங்கவில்லை. அவன் காதருகே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ரொம்ப தேங்க்ஸ்ண்ணே. நீங்க இருன்னு சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. இவரா முடிவெடுத்திருந்தா எதையாவது கோட்டை விட்டிருப்பாரு. நீங்க அங்க இருக்கற வரைக்கும் எங்களுக்கு என்ன கவலை, சொல்லுங்க?"

டாக்டர் காரை ஓரமாக ஒதுக்கினான். நெட்டை கண்ணை மூடிக்கொண்டான். அவன் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"சொல்லுடா" என்றேன் நான். "அதான் முழுக்குப் போட்டுட்டியே."