கடைசித் தாளில் ஒரு கையெழுத்து

ஐந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மருத்துவச்சி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து, பையை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். இவ்வளவு தூரம் அவளை வரவழைத்த பாவம் முழுக்க நூலகத்தையே சேரும்.

பிரசவம் பார்ப்பதைப் பற்றி அவள் தோல்தாளில் எழுதிய புத்தகம் அங்கே அரிய நூல் அறையில் பூட்டிக் கிடந்தது. பட்டியல் அட்டையில் 'எழுதியவன்: பெயர் தெரியாத துறவி' என்றிருந்தது. வயிற்றில் குறுக்கே கிடக்கும் குழந்தையைக் கையால் திருப்புவது எப்படி என்று பதினெட்டுப் பக்கம் எழுதியது துறவியாம்! கேட்பவன் கேணையன் என்றால் எதையும் சொல்லலாம். எழுதியது ஒரு பெண்தான் என்று ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நான்கு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசித் தாளில் கையெழுத்து இருப்பதாகப் பழைய அடிக்குறிப்பு ஒன்று சொன்னது. கணினிப் பிரதியிலோ அந்தத் தாளே இல்லை; மை வெளுத்திருந்ததால் வெற்றுத்தாள் என்று நினைத்துப் படமெடுத்தவர் விட்டுவிட்டார். அசலைக் காட்டுங்கள் என்றால், கணினிப் பிரதி உள்ள நூலுக்கு அசல் தருவதில்லை என்றார்கள். மாத முடிவுக்குள் ஆதாரம் தராவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவே ரத்தாகிவிடும். பத்து விண்ணப்பம் போட்டாள், பத்தும் கிணற்றில் போட்ட கல். பதினோராவதை மட்டும் கண்காணிப்பாளர் வாங்கிப் படித்தார்.

"எழுதினவரோட ஒப்புதல் கடிதம் வைக்கலையேம்மா."

"அவங்க செத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? படிவத்துல கேட்டிருக்கு, வாங்கிட்டு வாங்க."

வயிறெரிந்துபோன மாணவி அங்கேயே ஒரு தாளை எடுத்து, 'அம்மா, நீங்களே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டு' என்று எழுதி, வெளி நூலகங்களுக்குப் புத்தகம் போய்வரும் தபால் பையில் போட்டாள். அந்தப் பை எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எட்டாம் நாள் மருத்துவச்சி வந்தாள்.

கண்காணிப்பாளர் அவளை உட்காரச் சொல்லி, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கினார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "இது உங்க கையெழுத்துதான்னு ஒத்துப் பாக்கணுமே" என்றார். ஒத்துப் பார்க்க உலகத்தில் இருந்தது ஒரே ஒரு மாதிரி. வேறு வழியில்லாமல் அவரே பூட்டைத் திறந்து, புத்தகத்தை ஜன்னலருகே கொண்டுவந்து, கடைசித் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். வெளுத்த மையில் அதே கையெழுத்து, அதே கோணல் வால்.

"முந்நூறு பிள்ளைக்கு மேல கையில ஏந்தியிருக்கேன்," என்றாள் மருத்துவச்சி. "அதுல ஒண்ணாவது துறவியைக் கூப்பிட்டா பொறந்துச்சு?"

பக்கத்தில் நின்ற மாணவிக்கு அழுகை வந்தது. சந்தோஷம் கால் பங்கு, மீதி ஆத்திரம்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அட்டையில் 'எழுதியவன்' என்பதன் ன்-ஐ அடித்து ள் போட மட்டும் மூன்று கூட்டமும் ஒரு துணைக்குழுவும் தேவைப்பட்டன. மருத்துவச்சி வாசகர் அட்டை எடுத்து, செவ்வாய்தோறும் வந்து, புதிய மகப்பேறு நூல்களைப் படித்துத் தலையிலடித்துக்கொள்கிறாள். திருத்திய அட்டையில் இறந்த ஆண்டு மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. ஆள் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது அதை எழுதுவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள்.