வீட்டு எண் இல்லாத மனு

1997 மே 10, சனிக்கிழமை. தில்லி, கிழக்கு கிட்வாய் நகர். அரசுக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் வசித்த விஜயலக்ஷ்மி, வயது முப்பத்தெட்டு, மத்திய அரசில் எழுத்தர், ஆறு வருடங்களுக்கு முன் கணவரை இழந்தவர், தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தன் மகள் ஷ்ரேயாவிடம் தெரிவித்தார்.

ஷ்ரேயா அதைக் கீழ்வீட்டு ஜ்யோத்ஸ்னாவிடம் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. ஜ்யோத்ஸ்னா தன் அம்மா ராஜியிடம் சொல்ல இரண்டு நிமிடம். மாலையில் மதர் டெய்ரி பூத்தில் பால் வரிசை கூடியபோது செய்தி கோல் மார்க்கெட் வரை போய்ச் சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார். ஹரிஷங்கர், நாற்பத்திரண்டு வயது, வேறொரு அமைச்சகம், விவாகரத்து ஆனவர், அதே வகை அரசு வீடு, ஸ்கூட்டர் உண்டு.

காலனிப் பெண்களுக்கு விஜயலக்ஷ்மியின் மேல் கோபம் ஒன்றுமில்லை என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆறு வருடமாக நவராத்திரிக்கு நவராத்திரி அவளுக்காக வருத்தப்பட்டு வந்தவர்கள். கேட்காமல் கொள்ளாமல் அந்த வருத்தத்தை அவள் வேண்டாமென்று சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தியது.

"முப்பத்தெட்டு வயசுல பட்டுப்புடவை கேக்கறதாம்," என்றாள் ராஜி, கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அந்தப் பொண்ண நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

ஜ்யோத்ஸ்னாவுக்குப் பதினொன்றரை வயது. ஷ்ரேயா அவளைவிட நான்கு மாதம் மூத்தவள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பஸ், ஒரே டிபன். ஷ்ரேயாவின் பருப்புப்பொடி சாதத்தை ஜ்யோத்ஸ்னாவும், ஜ்யோத்ஸ்னாவின் பராட்டாவை ஷ்ரேயாவும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். அவரவர் அம்மா கட்டிக் கொடுத்ததை அவரவர் சாப்பிட்டதாக இரண்டு வீட்டிலும் நம்பிக்கை.

கல்யாணத்தில் ஜ்யோத்ஸ்னாவுக்கு ஆட்சேபணை இல்லை. அவளைக் கலக்கியது அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா சொன்ன ஒரு விதி.

"ரெண்டு பேரும் கவர்ன்மென்ட் க்வார்ட்டர்ஸ் வெச்சிருந்து கல்யாணம் பண்ணிண்டா, ஒரு மாசத்துல ஒண்ண சரண்டர் பண்ணணும். ரூல் இருக்கு," என்றார் ரங்கராஜன். அவர் இருபத்திரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ கடவுள்களைச் சந்தேகித்திருக்கிறார்; ஒரு விதியைக்கூடச் சந்தேகித்ததில்லை.

"எந்த வீடுப்பா?"

"ரெண்டுல ஒண்ணு. ரூல்ல அவ்ளோதான்."

"ரூல்ல எதுக்குப் போடணும்?" என்றாள் ராஜி. "பொம்மனாட்டிதானே போவா."

ஆக, ஷ்ரேயா போய்விடுவாள். கோல் மார்க்கெட் வேறு பள்ளி, வேறு பஸ், வேறு பருப்புப்பொடி.

மறுநாள் மாடிப்படிக்குக் கீழே ஸ்டாபு, அதாவது பாண்டி, விளையாடக் கட்டம் கிழித்துக்கொண்டிருந்தபோது ஜ்யோத்ஸ்னா இதை ஷ்ரேயாவிடம் பேச நினைத்தாள். பேச நினைத்தது ஒன்று, வாயில் வந்தது அம்மாவின் குரல்.

"முப்பத்தெட்டு வயசுல ஆன்ட்டிக்கு ஷாதி தேவையா? எல்லாரும் சிரிக்கறா, தெரியுமா?"

ஷ்ரேயா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "யாரு எல்லாரும்?"

"எல்லாரும்தான். எங்கம்மா, மேல் வீட்டு அம்புஜம் மாமி…"

"அச்சா. நீயும் சிரிச்சியா?"

ஜ்யோத்ஸ்னா பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள். அவ்வளவுதான். ஷ்ரேயா சுண்டுவிரலை நீட்டி, "கட்டி," என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். தில்லிக் குழந்தைகளின் சட்டப்படி கட்டி என்றால் பேச்சு இல்லை. எப்போது வரை என்று அதிலும் விதி சொல்வதில்லை.

அடுத்த பத்து நாட்கள் ஜ்யோத்ஸ்னா கூலருக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். விஜி ஆன்ட்டியிடமே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேரே கேட்டதில்லை. ராஜிக்கு மிக்ஸி வேண்டுமென்றால் அம்மியைப் பற்றி ஒரு வாரம் பேசுவாள். ரங்கராஜனுக்கு லீவு வேண்டுமென்றால் மனு எழுதுவார். உலகத்தில் எதையும் நகர்த்தவும் மனுதான், நிறுத்தவும் மனுதான் என்பது அவர் கொள்கை. நிறுத்துவது சுலபம் என்றும் சொல்வார்.

"ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாப் போறும். என்கொயரின்னு ஒரு ஃபைல் போடுவான். அது முடியற வரைக்கும் யாரும் எதையும் தொட முடியாது. மூணு வருஷம் ஆகும். நம்ம சேஷன் ப்ரமோஷன் அப்படித்தானே நின்னுது."

மூன்று வருடம் என்றால் பத்தாம் வகுப்பு. போதும்.

மே 21 அன்று பிற்பகல், அம்மா தூங்கிய பிறகு, ஜ்யோத்ஸ்னா அப்பாவின் பழைய நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு அரசுக் குடியிருப்புகளை ஒதுக்கும் அலுவலகத்துக்கு மனு எழுதினாள். ஆங்கிலத்தில்தான், தமிழ் அவளுக்குப் பேச மட்டும் வரும், ஹிந்தி அரசாங்கத்துக்குப் புரியுமா என்று அவளுக்குச் சந்தேகம். தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வதாகத் தொடங்கினாள். மேற்படி பிளாக்கில் பல முறைகேடுகள் நடப்பதாகத் தெரியவருகிறது. எனவே முழு விசாரணை முடியும் வரை அங்கே குடியிருக்கும் எவரையும் வீட்டைக் காலிசெய்ய அனுமதிக்கக் கூடாது. இப்படிக்கு, நலம்விரும்பி ஒருவர். முறைகேடு என்றால் என்னவென்று அவளுக்கு உறுதியாகத் தெரியாது. அப்பாவின் எல்லா நகல்களிலும் அந்தச் சொல் இருந்தது.

பிளாக் எண்ணை எழுதினாள். வீட்டு எண்ணை எழுதவில்லை. விஜி ஆன்ட்டிக்கு ஒரு கஷ்டமும் வரக் கூடாது அல்லவா?

மதர் டெய்ரி பூத் பக்கத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஷ்ரேயா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துவிட்டு, உலராத துணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த இடத்தில் செல்வராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரங்கராஜனின் வீட்டில் இரண்டு அறை. பின்னறையில் செல்வராஜ் இரண்டு வருடமாக இருந்தார். நாசரேத்காரர், நேரு பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்காளர், முப்பத்துநான்கு வயது. அரசு வீட்டை உள்வாடகைக்கு விடுவது குற்றம். ரங்கராஜனுக்கு அந்த விதி எண்ணுடன் தெரியும். ஆகவே செல்வராஜ் வாடகைக்கு இருக்கவில்லை. உறவினராக இருந்தார். அந்த பிளாக்கில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு உறவினர் அப்படி இருந்தார்கள். அம்புஜம் மாமிக்கு ஒரிசாவிலிருந்து ஒரு மருமகனே இருந்தான். அவளுக்குப் பெண் கிடையாது.

செல்வராஜின் அறையில் இயேசுநாதர் காலண்டர், கூடத்தில் ராமர் பட்டாபிஷேகம். யாராவது கேட்டால் உறவு என்று சொல்ல வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்திருந்தது. என்ன உறவு என்று முடிவு செய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. குடியிருப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் கையில் பைல், இன்னொருவர் கையில் தண்ணீர் பாட்டில். மாத இலக்கோ, மேலதிகாரியின் உற்சாகமோ, அந்த மனு பதினோரே நாளில் பிளாக் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. ரங்கராஜனின் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அரசாங்கம் அவரைக் கைவிட்டது இதுதான் முதல் முறை. வீட்டு எண் இல்லாததால் எல்லா வீட்டையும் பார்க்க வந்திருந்தார்கள். தரைத்தளம், முதல் கதவு, ரங்கராஜன் வீடு.

ரங்கராஜன் பால் வாங்கப் போயிருந்தார். கூடத்தில் செல்வராஜ் வெள்ளைச் சட்டையில், கையில் பைபிளோடு, சர்ச்சுக்குக் கிளம்பி நின்றார்.

"யே கௌன் ஹைன்?" என்று பைல்காரர் கேட்டார். இவர் யார்?

"மேரே படே பாயி," என்றாள் ராஜி உடனே. தன் அண்ணன். அவளைவிட ஐந்து வயது சிறியவர் என்பது முகத்தில் எழுதியிருந்தது. பைல்காரர் பைபிளைப் பார்த்தார், ராமரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அப்போது பால் தூக்கோடு ரங்கராஜன் நுழைந்தார். கேள்வி அவருக்கும் கேட்கப்பட்டது.

"மேரா சோட்டா பாயி," என்றார். தன் தம்பி.

பாட்டில்காரர் சிரித்துவிட்டார். பைல்காரர் சிரிக்கவில்லை, அவர் மரியாதையான மனிதர். "தோனோ கா பாயி?" என்று மட்டும் கேட்டார். இருவருக்குமே சகோதரன் என்றால் இந்தத் தம்பதி ஒருவருக்கொருவர் என்ன உறவு என்ற கேள்வி கூடத்தின் நடுவில் சற்று நேரம் நின்றது.

"மதராஸிகளுக்குள்ள கல்யாணம் அப்படி இப்படி இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவர் ஜ்யோத்ஸ்னாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பேட்டி. இவர் உனக்கு யாரு?"

ஜ்யோத்ஸ்னாவின் கண் பைலில் இருந்தது. மேலே குத்தியிருந்த காகிதம் அவளுடைய கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. ஓரத்து மஞ்சள் பூவை அவளே வரைந்திருந்தாள்.

"பிள்ளைகிட்ட ஏன் சார் கேக்கிய?" என்றார் செல்வராஜ் தமிழில். பிறகு தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "ஹம் கிராயேதார் ஹைன்," என்றார். நான் வாடகைக்காரன்.

"செல்வராஜ்!" என்றாள் ராஜி.

"மன்னிச்சுக்கிடுங்கக்கா. ஞாயித்துக்கெழம அதுவுமா பைபிளக் கையில வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வாய் வரல்ல. திங்கக்கெழம வந்திருந்தாங்கன்னா சமாளிச்சிருப்பேன்."

வந்தவர்கள் வாக்குமூலத்தை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மற்ற வீடுகளின் மருமகன்களும் மைத்துனர்களும் பின்பக்கச் சந்து வழியாகப் பூங்காவுக்குக் காற்று வாங்கப் போய்விட்டார்கள். பிளாக் முழுவதையும் பார்த்து முடித்தபோது முறைகேடு ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது.

பைல்காரர் போகும்போது ரங்கராஜனிடம் மனுவைக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து மகளின் எதிரில் உட்கார்ந்தார். அவள் அடி விழும் என்று எதிர்பார்த்தாள்.

"ட்ராஃப்ட் நன்னாத்தான் இருக்கு," என்றார் ரங்கராஜன். "வீட்டு நம்பர் ஏன் போடல?"

"ஆன்ட்டிக்கு ப்ராப்ளம் வரும்னு…"

"போட்டிருந்தா மேல மட்டும் போயிருப்பான்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"நம்மாத்துல யாரு யார கேக்கறா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா. துடுக்காகச் சொல்ல நினைக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னதால் அப்படித்தான் வந்தது. ராஜி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. அப்படியே திரும்பிப் போனாள்.

விஜயலக்ஷ்மியின் கல்யாணம் ஜூன் 12 அன்று நடந்தது. காலனிப் பெண்கள் எல்லோரும் போனார்கள். சிரிக்கத்தான் போனார்கள், சாப்பாடு நன்றாக இருந்ததால் அவகாசம் கிடைக்கவில்லை. ராஜி தலைவலி என்று போகவில்லை. ஜ்யோத்ஸ்னாவுக்கு ஜன்னலிலிருந்து ஷ்ரேயாவின் புதுப் பாவாடையின் கரை மட்டும் தெரிந்தது.

ஜூன் 20 அன்று ரங்கராஜனுக்கு நோட்டீஸ் வந்தது. ஒதுக்கீடு ரத்து. காலிசெய்ய அறுபது நாள் அவகாசம்.

அன்று மாலையே ஷ்ரேயா படியிறங்கி ஓடி வந்தாள். ஆறு வாரக் கட்டிக்குப் பிறகு அவளுக்குச் சுண்டுவிரல் நீட்டவும் பொறுமை இல்லை.

"ஜோ! நாங்க போகல! ஹரி அங்கிள் அவரோட க்வார்ட்டர சரண்டர் பண்ணிட்டார். இன்னிக்கு சாவி குடுத்தாச்சு. இங்கயே இருப்போம்!"

"எப்படி?"

"எப்படின்னா? கேட்டேன். எனக்கு ஜோவ விட்டுட்டுப் போக இஷ்டமில்லன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அவர்கிட்ட கேட்டா. அவர் சரின்னுட்டார்."

"எப்ப கேட்ட?"

"அன்னிக்கேதான். கட்டி போட்ட அன்னிக்கு ராத்திரி. நீ வந்து சாரி சொல்லுவ, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். நீ வரவேயில்ல."

மே 11. மனுவுக்குப் பத்து நாள் முன்னால். ஜ்யோத்ஸ்னா கணக்கில் கெட்டிக்காரி. கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மனு, நலம்விரும்பி, மஞ்சள் பூ, நோட்டீஸ்.

ஷ்ரேயா முழுவதையும் கேட்டாள். பிறகு, "பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "எனக்காகவா எழுதின?" என்றாள். பிறகு படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலிருந்து விஜயலக்ஷ்மி இரண்டு முறை கூப்பிட்டார். ஷ்ரேயா போகவில்லை.

ரங்கராஜன் அறுபது நாள் காத்திருக்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு காரியத்தைக் கெடுவுக்கு முன்னால் முடித்தார். ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, சாமான் ஏற்ற டெம்போ வந்தது. ஹரிஷங்கர் கூலரை ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்; மறுபக்கம் செல்வராஜ். அவர் அதற்குள் இரண்டு பிளாக் தள்ளி வேறொரு குடும்பத்துக்கு மைத்துனராகியிருந்தார்.

ஜூலை 7 அன்று பள்ளிகள் திறந்தன. ஜ்யோத்ஸ்னா, அவர்கள் குடிபோன, யமுனைக்கு அப்பால் இருக்கும் மயூர் விஹாரில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். ஷ்ரேயா பழைய பள்ளியிலேயே இருந்தாள். அவள் பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.