கல்மாவுக்கு வெட்டிய வாய்க்கால்

சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் வைக்கும் முதல் கூடை லோயிஸுடையதுதான். ஏழு வருஷமாக அப்படித்தான். யாருடைய கேரட் நன்றாக விளைகிறதோ அவர்கள் கூடைக்கு அந்த இடம் என்பது கோயில் வழக்கம். அந்த இடத்துக்குத் தன் பெயரில் பட்டா இருப்பதாக லோயிஸின் நினைப்பு.

மலைச்சரிவில் அவள் தோட்டத்துக்கு மேல்படியில் மெட்டில்டாவின் தோட்டம். பாறையை அரைத்த மாவு மண்ணுக்குச் சத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மெட்டில்டா ஒருநாள் மேட்டுப்பாளையம் பக்கத்துக் கிரஷரிலிருந்து ஒரு லாரி கல்மாவு இறக்கினாள். சாணியோடு கலந்து தூவினாள்.

"ஏம் புள்ள, கேரட்டு போடறயா, ஊடு கட்டறயா?" என்று லோயிஸ் கேட்டதைச் சொல்லிச் சொல்லிக் குன்னூர் மார்க்கெட்டே சிரித்தது.

முதல் இரண்டு வருஷம் மெட்டில்டாவுக்குப் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. லோயிஸின் கேரட்தான் முன்னைவிட நீளமாக, நல்ல நிறமாக வந்தது. கைராசி என்றாள். மூன்றாம் வருஷம் மேல்படிக் கேரட்டும் தடித்தது. முதல் கூடை என்னவோ லோயிஸுக்கே கிடைத்தது. ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துணி காயப்போடும் சாக்கில் தினம் நாலு தடவை மேலே எட்டிப் பார்த்தாள். அடைமழையில் அத்தனை துணியை யார் துவைக்கிறார்கள்?

கடைசியில் போதகரிடமே போய் நின்றாள்.

"ஐயா, மழை பேஞ்சா அவ கல்மாவெல்லாம் எந்தோட்டத்துல வந்து படியுதுங்க. மண்ணு மலடாப் போயிரும். வாய்க்கா வெட்டித் திருப்பிவிடச் சொல்லுங்க."

போதகர் சொல்லியனுப்பியதும் மெட்டில்டா இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டி, வழியும் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டாள்.

அடுத்த பண்டிகையில் முதல் கூடை மெட்டில்டாவுடையது. லோயிஸின் கேரட் சுண்டுவிரல் பருமன், அதுவும் வெளிறிப்போய். பூசணிக்காய்களுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்கையில் மெட்டில்டா பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க்கா, இந்த வருசம் இப்படி ஆயிருச்சு?"

"மழை சரியில்ல."

"எனக்கும் அதே மழைதானுங்களே." டீயை ஊதினாள். "இத்தன வருசமா நான் தூவுனதுல பாதிய உங்க கேரட்டுதான் தின்னுருக்குது. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. வாய்க்கா வெட்டச் சொன்னீங்களே, நீங்க நல்லா இருக்கோணும்."

லோயிஸ் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும், மூடுபனிக்குள் மண்வெட்டிச் சத்தம். பஸ்ஸுக்குப் போன பக்கத்து வீட்டுச் சுசீலா எட்டிப் பார்த்தாள். வாய்க்காலின் கீழ்க்கரையை லோயிஸ் தன் தோட்டத்துப் பக்கமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க்கா பண்றீங்க?"

"எலி வளைம்மா. அடைக்கறேன்."

அடைக்கிறதற்குக் கரையை ஏன் உடைக்க வேண்டும் என்று சுசீலா அவளிடம் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களிடம் கேட்டாள்.