சகலைக்கு வந்த கல்

பிளம்பருக்கு இடது சிறுநீரகத்தில் இருபத்து நாலு மில்லிமீட்டர் கல். அதைவிடப் பெரிய உறுத்தல் அவருடைய சகலை.

சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசியே பிழைக்கிற மனிதர். போன வருடம் அவருக்கும் கல் வந்தது, வெறும் ஏழு மில்லி. வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்து உடைத்தார்கள். காலையில் போனவர் சாயங்காலம் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விழுந்த துகள்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஷோகேஸில் வைத்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டி, "ஒரு கீறல் கிடையாது" என்பார். "அத்தானுக்கு எவ்வளவு தைரியம்!" என்று பிளம்பரின் மனைவி ஒருமுறை சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்தக் குப்பியை நினைத்தாலே பிளம்பருக்கு வயிறு எரிந்தது.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் வரைந்தார்.

"முதுகுல சின்னதா துளை போட்டு எடுத்துடலாம். உங்க கல்லுக்கு அதான் சரி. இல்லன்னா சிறுநீர்ப் பாதை வழியா லேசர் விடலாம், ரெண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். வெளியிலேர்ந்து உடைக்கிறதும் இருக்கு. ஆனா இவ்ளோ பெரிய கல்லு உடைஞ்சு இறங்கினா குழாயில அடைச்சுக்கும்."

பிளம்பருக்கா இதை விளக்க வேண்டும்? அடைப்பை மேலிருந்து கம்பியால் குத்தி உடைக்கும் வீட்டுக்காரர்களைத் திட்டித் திட்டியே அவருக்குத் தலை நரைத்தது. குத்தினால் துண்டெல்லாம் கீழே வளைவில் போய் இறுகிக்கொள்ளும். மூடியைத் திறந்து உள்ளதை வெளியே எடுப்பதுதான் வேலை. டாக்டரம்மா வரைந்த படத்தில் எந்த இடம் அடைக்கும் என்று அவரே விரல் வைத்துக் காட்டியிருப்பார்.

ஆனால் மூன்று நாள் படுக்கை, முதுகில் கட்டு, பழப்பையோடு வந்து "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டும் சகலை. அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"வெளியிலேர்ந்தே உடைச்சிடுங்க."

"நான் வேணாம்னுதான் சொல்வேன். முடிவு உங்களோடது."

"அவங்களே வேணாம்ங்கிறாங்களே" என்றாள் மனைவி.

"குழாயைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உடைத்த நாலாம் நாள் துண்டுகள் வரிசைகட்டிக் குழாயை அடைத்தன. ஜுரம் தூக்கிப்போட்டது. கடைசியில் முதுகில் துளை போட்டு, ட்யூப் வைத்துத்தான் சிறுநீரை வடித்தார்கள். கல்லை எடுப்பது அப்புறமாம்.

சகலை பழப்பையோடு வந்தார். உச்சுக்கொட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு மூன்று நாளாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். மூத்திரப் பையைக்கூட முகம் சுளிக்காமல் காலிசெய்தார். மனைவி அவரை நன்றியோடு பார்த்தாள். இதிலும் இந்த மனுஷன் முந்திக்கொண்டாரே என்று பிளம்பர் வெந்துபோனார். திட்டுவதற்கு ஒரு குறைகூட அகப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை மனைவி வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். சகலை ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"சகலை, வீட்ல இன்னும் சொல்லல. எனக்கு மறுபடியும் கல்லு. இருபத்தொண்ணு மில்லி. முதுகுல துளை போடணுங்கிறாங்க. கத்தின்னாலே எனக்குக் கை கால் ஆடிப்போகுது. உங்களுக்கு ஏதோ நேரம் சரியில்ல. எனக்குப் போன தடவை சுலபமா போச்சே, அதே மாதிரி உடைச்சுக்கட்டுமா? குழாய் வேலை தெரிஞ்சவர் நீங்க, சொல்லுங்க."

உடைச்சுக்குங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதே கட்டிலில் சகலை, இதே ட்யூபோடு. நினைக்கவே இனித்தது. அப்போது சகலையின் கையைப் பார்த்தார். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம், சகலை. துளையே போட்டுக்குங்க. உடைச்சா இப்படித்தான் அடைக்கும். டாக்டரம்மா படம் போட்டப்பவே எனக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார். கையில் பிளாஸ்க்குடன் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டீங்க?"

பிளம்பர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். முதுகிலிருந்த ட்யூப் திரும்ப விடவில்லை.