பதினோரு வீட்டு வரி

போன கார்த்திகை மழையில் வீரபாகுவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தறிக்குழி நிரம்பி, பாதி நெய்திருந்த கல்யாணப் புடவையின் பாவு நனைந்து வீணாய்ப் போனது. எதிர்வீட்டு ஹனீஃபா தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “மொதலியாரே, நான் எறங்கி வரட்டுமா?” என்று கேட்டார்.

“நீச்சல் தெரிஞ்சா வா பாய்” என்றார் வீரபாகு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

ஹனீஃபா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இருவரும் பொழுது சாயும்வரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டினார்கள்.

இந்த வருடம் புரட்டாசி முடிவதற்குள் தெருவுக்குப் பொதுவாக ஒரு டீசல் பம்பு வாங்கிவிட வேண்டும் என்று பதினோரு வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பம்பு, குழாய் எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று தெரிந்ததும் அந்த ஒரே குரல் பதினொன்றாகப் பிரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரபாகுவின் வீட்டுக் கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கூட்டம் போட்டார்கள். வீரபாகுவின் மகள் அகிலா ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறவள். ஊரில் பல கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது அவள்தான். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “யார் யாருக்கு எந்த முறை சரின்னு படுதோ சொல்லுங்க, போட்டுக்கினு வரேன்” என்றாள்.

ஹனீஃபா ஜரிகைக் கடைக்காரர். முதலில் பேசுவது அவர் பழக்கம். “வீட்டுக்கு அஞ்சாயிரம். ஒரே தெரு, ஒரே மழ, ஒரே வரி. இதுல பேச என்னா இருக்குது?”

“ஒரே மழதான் பாய்” என்றார் வீரபாகு. “ஆனா மாடி மேல மாடி கட்டினவரும் ஓட்டு வீட்ல இருக்கறவனும் ஒண்ணாயிடுவாங்களா? இருக்கறவங்க கூடக் குடுக்கணும். உனக்கு பத்தாயிரம் போட்டாக்கூட நியாயந்தான்.”

“மாடி கட்டினது குத்தமா? அப்ப நானும் ஒண்ணு கேக்கறேன். என் வீடு நாலடி ஒசரம். தண்ணி உள்ள வரவே வராது. பம்பு வேல செய்யப்போறது உங்க தறிக்குழிக்கு. யாருக்கு உபயோகமோ அவங்க குடுக்கட்டும். உங்கப்பாவுக்கு எட்டாயிரம் எழுதிக்கம்மா அகிலா.”

“தெருவுல தண்ணி நின்னா நீ கடைக்கு எப்பிடிப்பா போவ? மாடிக்கு மாடி தாவிக்கினா?”

மனைவியோடு தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பரமசிவம், ஆளுக்கு இவ்வளவு என்று போடுவதே உலகம் ஒப்புக்கொண்ட முறை என்றார். ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்காரர் ராமராஜன், மனுஷனை எண்ணக் கூடாது, வாசலின் அகலத்தை அளக்க வேண்டும் என்றார். அவர் வீட்டு வாசல் மிகவும் ஒடுங்கியது. அதைத் தவிர அந்த யோசனைக்கு வேறு காரணம் எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

அகிலா எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். “அஞ்சு மொற வந்திருக்குது. அஞ்சுலயும், யார் சொன்னாங்களோ அவங்க வீட்டுக்குத்தான் கம்மியா வருது.”

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

“தற்செயல்” என்றார் பரமசிவம்.

“அப்ப வருமானத்தப் பாத்துப் போடுவோம்” என்றார் வீரபாகு. “கவர்மெண்டே அப்பிடித்தான வாங்குது.” இதை எல்லோரும் தலையாட்டி ஏற்றார்கள். ஹனீஃபாகூட ஆட்டினார்.

“சரி. ஒவ்வொருத்தரா வருஷ வருமானத்த சொல்லுங்க” என்றாள் அகிலா.

ஒருவர் செல்போனைப் பார்த்தார். இன்னொருவர் தறியில் ஓடியிருந்த ஜரிகைக் கரையை அன்றுதான் புதிதாகக் காண்பதுபோல் குனிந்து பார்த்தார். அங்கிருந்தவர்களில் பாதிப் பேரின் வருமானம் அகிலாவுக்குத் தெரியும். அவள் நாகரிகமாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹனீஃபாவின் மனைவி ரசியா பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னாள்: “இருவத்தாறு வருஷமா நானும் இவர கேட்டுக்கினுதான் இருக்கேன். இன்னிக்காவது தெரிஞ்சிக்கலாம்னு பாத்தேன்.”

சிரிப்பு அடங்குவதற்குள் ஹனீஃபா பேச்சை மாற்றினார். “எந்த மொறயா இருந்தாலும் காமாட்சியம்மாளுக்கு வேணாம். அவங்கள கணக்குலயே சேக்காதீங்க.”

அன்று காலையில் மற்ற பத்து வீடும் மனசார ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். காமாட்சியம்மாள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் இருப்பவர். கணவர் இறந்தபிறகு, தறி வீடுகளுக்குக் கூலிக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறார். தெருவின் தண்ணீர் முழுக்க முதலில் வந்து தங்குவதும் அவர் வாசலில்தான்.

அவர் எழுந்து நின்றார். “ஏன் பாய், என்ன தெருவ விட்டுத் தள்ளி வெக்கறீங்க?”

“அய்யோ, அப்பிடி இல்லம்மா. உங்களுக்குக் கஷ்டம் வேணாமேன்னுதான்.”

“சோப்பு வாங்கினா வரி குடுக்கறேன். செருப்பு வாங்கினா குடுக்கறேன். பாவம்னு யாரும் கம்மி பண்ணல, நானும் கேக்கல. இங்க மட்டும் எதுக்கு? நாளைக்குக் கொழாய எங்க போடணும்னு நான் ஒரு வார்த்த சொன்னா, ஓசில இருக்கறவங்களுக்கு என்னா பேச்சுன்னு இதே பாய்ல உக்காந்துக்கினு சொல்லுவீங்க. நான் ஆயிரம் ரூபா குடுப்பேன். ஒரே தடவ முடியாது, வாரம் நூறு. எழுதிக்க அகிலா.”

அகிலா எழுதிக்கொண்டாள். ஹனீஃபா தாடியைத் தடவிக்கொண்டார்.

“இன்னொண்ணும் சொல்றேன்” என்றார் காமாட்சியம்மாள், இன்னும் உட்காராமல். “அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்களே கணக்கு சொன்னா இப்பிடித்தான் இருக்கும். அஞ்சு வீடும் அஞ்சு வீடும் எதிர் எதிரா இருக்குது. எதிர்வீடு எவ்ளோ குடுத்தா நியாயம்னு மனசாட்சிப்படி சீட்டுல எழுதுங்க. கீழ பேரும் போடுங்க.”

பேர் போட வேண்டும் என்றதும் எல்லோருக்கும் யோசனை அதிகமாகிவிட்டது. வீரபாகு பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தார். ஹனீஃபாவும் அதேபோல் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் வாளி தூக்கிய கை கண்ணில் பட்டதோ என்னவோ, வீரபாகு எதையோ எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

அகிலா சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தாள். பத்தாயிரம் கேட்ட வீரபாகு, ஹனீஃபாவுக்கு ஐயாயிரம் போட்டிருந்தார். எட்டாயிரம் கேட்ட ஹனீஃபா, வீரபாகுவுக்கு நாலாயிரம் போட்டிருந்தார். மற்றவர்களும் கிட்டத்தட்ட அப்படியே. கூட்டிப் பார்த்ததில், காமாட்சியம்மாளின் ஆயிரத்தோடு நாற்பத்தோராயிரம் வந்தது.

“பதினாலாயிரம் குறையுது” என்றாள் அகிலா. “பம்புக்காரருக்கு உங்க பெருந்தன்மைய குடுத்தா வாங்கிக்குவாரா?”

வீரபாகு ஹனீஃபாவின் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். “எனக்கு நாலாயிரமா? தண்ணி பூந்தது என் தறியில. பாவு போச்சுன்னா நாப்பதாயிரம் நஷ்டம் எனக்குத்தான். இது கம்மி பாய். ஆறாயிரத்து ஐநூறு போடும்மா.”

“அவர் ஆறரை குடுத்தா நான் அஞ்சு குடுத்துட்டு மாடியில நின்னு வேடிக்க பாக்கறதா?” என்றார் ஹனீஃபா. “எனக்கு எட்டு.”

அதன்பிறகு வேகம் பிடித்துவிட்டது. பரமசிவம் ஆயிரம் கூட்டினார். ராமராஜன், தன் வீட்டில் ஒன்பது பேர் தெருவில் நடப்பதைத் தானாகவே நினைவுபடுத்தி ஆயிரத்தைந்நூறு கூட்டினார். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கூட்ட, கடைசியில் அகிலா கையை உயர்த்தி நிறுத்தவேண்டியதாயிற்று. ஐம்பத்தெட்டாயிரம் வந்திருந்தது.

“மாமு, இது வரி இல்ல, மொய்” என்றாள் ஹனீஃபாவிடம். “இன்னிக்கு ரோஷத்துல கூடக் கூடச் சொல்லிட்டீங்க. அடுத்த வருஷம் ரிப்பேர் செலவு வந்தா பாதிப் பேர் ஊர்லயே இருக்க மாட்டீங்க. இப்பவே ஒரு விதி எழுதிடணும்.”

இன்னும் ஒரு மணி நேரம் அதற்கு ஆனது. எல்லா வீடும் ஒரே அளவாக ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும். மிச்சத்தில் பாதியைத் தண்ணீர் புகும் வீடுகளும், பாதியை மாடி வைத்த வீடுகளும் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள்.

ஹனீஃபா படித்துப் பார்த்தார். “நான் சொன்னதும் முழுசா இல்ல, நீங்க சொன்னதும் முழுசா இல்ல.”

“அதனால சரியாத்தான் இருக்கும்” என்றார் வீரபாகு.

மிஞ்சிய மூவாயிரத்தை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று பரமசிவம் வாயைத் திறந்தார். ஏற்கெனவே சமையலுக்கு நேரமாகியிருந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்துவிட்டதால் அது டீசலுக்கு என்று முடிவானது.

ஐப்பசி இரண்டாம் வாரம் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. பம்பை எங்கே வைப்பது என்று ஆளாளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். காமாட்சியம்மாள் குடையோடு வந்து, “தெருக்கோடில வைங்க. பள்ளம் அங்கதான். அங்க எறச்சா மேல தானா வடியும்” என்றார். அதற்குள் அவர் ஆறு வாரக் காசு கட்டியிருந்தார். ஹனீஃபா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கோடிக்கு நடந்தார். வீரபாகு பின்னால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனார். பத்து மணிக்குத் தெருவில் தார் தெரிந்தது. தறிக்குழிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அகிலா வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் உள்ளே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

பதினோரு மணிவாக்கில் பக்கத்துத் தெரு சிவராஜ், தலையில் பாலிதீன் பையும் கையில் தள்ளுவண்டியுமாக வந்து நின்றார். அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பம்பைக் கொஞ்சம் கொடுத்தால் வாடகை எவ்வளவு ஆனாலும் தருவதாகச் சொன்னார்.

“வாடகைன்னா, மணிக்குப் போடறதா, வீட்டுக்குப் போடறதான்னு…” என்று தொடங்கினார் ஹனீஃபா.

“தண்ணி ஆழத்தப் பாத்து…” என்றார் வீரபாகு.

“டீசல் ஊத்தி எடுத்துக்கினு போப்பா” என்றார் காமாட்சியம்மாள். “மூணு மணிக்குத் திரும்பக் கொண்டாந்துடு.”

சிவராஜ் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பம்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.