நாற்பத்து மூன்றாம் பக்கத்து வாழ்த்து அட்டை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் எதிரே உட்கார்ந்திருந்த யாரையும் நான் நம்பவில்லை. பிராட்லியின் டையைக்கூட நம்பவில்லை. குளியலறை ஓடு விற்கும் எங்கள் அலுவலகத்துக்கு மேலாளராக வந்த இரண்டு வருடத்தில் அவன் டை கட்டி நான் பார்த்ததேயில்லை.

எனக்கு அறுபத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் அங்கே ஆர்டர் எடுத்தேன். வேகம் போதாது என்று பிப்ரவரியில் கடிதம் கொடுத்தார்கள். மார்ச் இருபதாம் தேதி கூப்பிட்டு விசாரித்தார்கள், மறுநாள் வேலையை விட்டு நீக்கினார்கள். வயதைப் பார்த்துத்தான் துரத்தினார்கள் என்பது என் வழக்கு. ஆதாரம் கேட்டால் வயிற்றெரிச்சலைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை, அவர்கள் தரப்புக் கோப்பு வந்து சேரும்வரை.

அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எனக்குக் கொடுத்த பிரிவு வாழ்த்து அட்டையின் நகல். எவ்வளவு பாசமாக அனுப்பினோம் பார் என்று காட்டவாம்! எங்கள் பக்கம் யார் வேலையை விட்டுப் போனாலும் இப்படி ஓர் அட்டை, ஆளாளுக்கு வாழ்த்து எழுதிக் கையெழுத்துப் போட, பழுப்பு உறைக்குள் மேசை மேசையாகச் சுற்றும். போகிறவர் கண்ணில் மட்டும் படாது. என்னுடையதை அலுவலகத் தோழி டெனிஸிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். படிக்கப் பிடிக்காமல் இழுப்பறையில் போட்டிருந்தேன்.

வக்கீல் இல்லாததால் குறுக்கு விசாரணையை நானே தொடங்கினேன். "பிராட்லி, இருபதாம் தேதிக்கு முன்னாடியே என்னைத் தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சேச்சே! உங்க விளக்கத்தக் கேட்டுட்டுத்தானே முடிவெடுத்தோம். வயசெல்லாம் எங்க மனசுலயே வரல."

"அட்டையில 'இனிய ஓய்வுக்காலம்'னு அச்சடிச்சிருக்கு. கீழ, 'இனிமே இளசுங்க பாத்துக்கும், கால நீட்டி உக்காருங்க'ன்னு எழுதினது யாரு?"

"நான்தான்... சும்மா தமாஷுக்கு."

"ஓரத்துல டீ கெட்டில் படம் போட்டு ஒரு கையெழுத்து. அது யாரோடது?"

குனிந்து பார்த்தான். "கிடங்குல இருந்த கீத்தோடது. அவரு எப்பவும் அப்படித்தான் போடுவாரு."

"கீத் எப்ப செத்தாரு?"

அவன் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே சொன்னேன்: "மார்ச் ஒம்பது. அடக்கத்துல எனக்குப் பக்கத்துலதான் நின்னீங்க. செத்தவரு எந்திரிச்சு வந்து எனக்கு வாழ்த்து எழுதினாரா?"

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த அட்டைய வாங்கி எல்லார்கிட்டயும் சுத்துக்கு விட்டது யாரு?"

பிராட்லி டெனிஸைப் பார்த்தான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் அவள்.

அவள் கை என் கையிலிருந்து நழுவியது. "மார்ச் மூணாம் தேதியே என்னை வாங்கச் சொல்லிட்டாரு மேடம்," என்றாள். "வாயத் தொறந்தா உனக்கும் இதே கதிதான்னாரு. எனக்கும் அம்பத்தொம்பது ஆகுது."

வழக்கு என் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நீதிபதியின் முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மூன்றாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிவரை தினமும் காலையில் டீ போட்டுக் கொண்டுவந்து, "கவலப்படாதடி கெய்னர், உன்னப் போய் யாரு தூக்குவா?" என்று சொன்னவள் அவள்தான். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்ட நான், அந்த டீயை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.