நடுத்தாள்

தெட்சிணாமூர்த்தி புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு அதை மேசைமேல் போட்டுவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மீன் வாடை அடிக்குது" என்றார்.

மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த சிவநாதன் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இக்பாலின் ஜெராக்ஸ் கடை மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் கூடுகிறவர்கள் அவர்கள். பழைய காமிக்ஸ் புத்தகங்களைக் கொண்டுவருவார்கள், விற்பார்கள், வாங்குவார்கள், மாற்றிக்கொள்வார்கள். மே மாத வெயிலில் அன்று பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் வினிதா ஒருத்திதான் பெண்.

அவள் கொண்டுவந்திருந்தது செங்கழுகு காமிக்ஸின் ஒன்பதாம் இதழ். பதினாலு இதழோடு நின்றுபோன வெளியீடு அது. தலத்தெருக்காரரான தெட்சிணாமூர்த்தியிடம் பதின்மூன்று இருந்தன. ஒன்பதுதான் இல்லை. வருவாய்த்துறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அதைத் தேடுகிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர் அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். வேண்டும் என்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும்.

"பின்னு துரு. அட்டையில எண்ணெய்க் கறை" என்று சொல்லிக்கொண்டே அவர் புத்தகத்தை மறுபடி எடுத்து, நடுவில் அகலமாக விரித்தார். துருப்பிடித்த பின் ஒன்று தெறித்தது. நடுத்தாள் பாதி கழன்று தொங்கியது. "பாரு, கைய வச்சாலே பிஞ்சுக்கிட்டு வருது. எங்கேர்ந்தும்மா இது?"

"எங்கப்பா வாங்கினதுங்க. போட்டுல வச்சிருந்தாரு."

"அதான் பாத்தேன். கருவாட்டோட சேத்துக் கட்டி வச்சிருப்பான்." ஒரு விலை சொன்னார். பழைய பேப்பர் கடைக்காரன்கூட அதைவிட மரியாதையாகச் சொல்வான்.

வினிதா தொங்கிய தாளை உள்ளே தள்ளி, புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். "நான் விக்கலைங்க" என்றாள்.

"வேற எவன் வாங்குவான் இத?"

"எவனும் வாங்க வேணாம்."

உறையின் வாயை ஒட்ட அவளுக்கு மூன்று தடவை ஆனது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். அழுகிற குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடும் கை அவளுடையது. படி இறங்கும்போது, கழன்ற நடுத்தாளை மட்டும் உருவி இக்பாலிடம் கொடுத்தாள். மெல்லிய தாள் ஒட்டிக் கிழிசலைச் சரிசெய்வதில் அவர் கெட்டிக்காரர். "புதன்கிழம வாங்கிக்குங்க தங்கச்சி" என்றார் இக்பால், அவள் முகத்தைப் பார்க்காமல்.

புதன்கிழமை அவள் வேலை முடிந்து மண்டபத்தூருக்குத் திரும்பியபோது, அவள் அப்பா அரசப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் கிடந்தன. பகல் முழுக்க வலை பின்னிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"ஒங்க காமிக்ஸ் கூட்டத்துப் பெரியவரு வந்திருந்தாரும்மா, தலத்தெருக்காரரு. கார்ல வந்தாரு. வினிதாதான் சொல்லி அனுப்புச்சு, விலையெல்லாம் பேசியாச்சுன்னாரு. நீ பீரோவுல வச்சிருந்தத எடுத்துக் குடுத்துட்டேன்." மடித்த நோட்டுகளை நீட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "உள்ள வாங்க, டீ சாப்புடுங்கன்னேன். நேரமாச்சுன்னு வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு."

வினிதா நோட்டுகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன அதே தொகை.

"நான் யாரையும் அனுப்பலப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள். மீன் வாடையைச் சொன்னாள், கைக்குட்டையைச் சொன்னாள், கருவாட்டையும் சொன்னாள். அரசப்பன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பேரச் சொல்லித்தான் கூப்புட்டாரு. அரசப்பா, அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வா பாப்போம்னாரு. நல்லாத் தெரிஞ்சவரு மாதிரி இருந்துச்சு." அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததும், "நானும் வர்றேன்" என்று எழுந்தார்.

"வேணாம்பா. ஒங்கள வாசல்ல நிக்க வைப்பாரு. அத என்னால பாக்க முடியாது."

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். தலத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தெட்சிணாமூர்த்தி முன்னறையில் இருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. மேசைமேல் விளக்கடியில் அவளுடைய புத்தகம் விரிந்து கிடந்தது.

வினிதா பணத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். "புத்தகத்தக் குடுங்க."

"வித்தாச்சு, வாங்கியாச்சு. அப்புறம் என்ன?"

"நான் விக்கல."

"ஒங்கப்பன் வித்தான்."

"நான் சொல்லி அனுப்புச்சேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கீங்க. எப்பங்க சொன்னேன்?"

அவர் விளக்கை அருகில் இழுத்தார். புத்தகத்தின் நடுவில் விரலை வைத்தார். "முப்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்துநாலு வரைக்கும் காணும். நாலு பக்கம். உருவி வச்சுக்கிட்டு மீதிய என் தலையில கட்டியிருக்கீங்க. அப்பனும் மகளும் நல்லாத்தான் தொழில் பண்றீங்க."

"ஞாயித்துக்கிழம நீங்க பிச்சதுங்க அது."

"எங்க இருக்கு?"

"எங்கிட்ட இருக்கு."

"கொண்டா."

"தர மாட்டேன். பணம் இந்தா இருக்கு. அத எடுத்துக்கிட்டு என் புத்தகத்தக் குடுங்க."

அவர் எழுந்தார். குரல் உயரவில்லை, ஆனால் கழுத்து சிவந்திருந்தது. "நாப்பது வருஷமாத் தேடுற பொருளு. ஒங்க ஆளுங்களுக்கு இது என்னன்னு தெரியுமா? இஞ்சின் தொடைக்கக் கிழிச்சுப் போடாம விட்டதே பெருசு. வெளியில போ."

"எங்கப்பா இத போட்டுல எத்தன தடவ வாசிச்சிருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றாள் வினிதா. "நீங்க வாசிக்கக்கூட மாட்டீங்க. கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டுவீங்க."

அவர் பணத்தைப் புறங்கையால் தள்ளினார். நோட்டுகள் தரையில் விழுந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பிறகு நேரே இக்பால் கடைக்குப் போய் நடுத்தாளை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சேகரிப்பாளர்களின் வாட்ஸாப் குழுவில் தெட்சிணாமூர்த்தி பதினாலு அட்டைகளையும் வரிசையாக அடுக்கிப் படம் போட்டிருந்தார். 'செங்கழுகு, முழுத்தொகுப்பு' என்று கீழே எழுதியிருந்தார். வாழ்த்துகள் வந்து குவிந்தன. வினிதா நடுத்தாளைப் படமெடுத்து அதற்குக் கீழே போட்டாள். 'முழுசு இல்லைங்க. நாலு பக்கம் இங்கே இருக்கிறது. மீதியை என் அப்பாவிடம் பொய் சொல்லி வாங்கிப் போயிருக்கிறீர்கள்' என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்று மாலை சிவநாதன் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். பெரியவரைப் பற்றி நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படிப் போடலாமா, நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இக்பால் மருத்துவமனைக்கே வந்தார். வினிதா டீ இடைவேளையில் வெளியே வந்து பேசினாள்.

"நடுத்தாளுக்கு மட்டும் மூணு மடங்கு தர்றேங்குறாரு பெரியவரு" என்றார்.

"அண்ணே, எங்கப்பாகிட்ட சொன்ன பொய்க்கு மடங்கு போட்டா சரியாயிடுமா?"

இக்பால் தலையாட்டினார். "எனக்கும் கேக்கப் புடிக்கலம்மா. சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். அன்னைக்கு நீங்க வாங்கிட்டுப் போன அரமணி நேரத்துல கடைக்கு வந்துட்டாரு. தாளு எங்கிட்ட இருக்கும்னு நெனச்சிருக்காரு. இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்." தயங்கினார். அவர் கடைக்கு வருகிற பழைய புத்தகங்களில் பாதியை வாங்குகிறவர் தெட்சிணாமூர்த்தி. "சரி, நான் பேசிப் பாக்குறேன்."

என்ன பேசினாரோ, ஜூன் மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் இக்பால் மண்டபத்தூருக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிய பொட்டலம்.

"குடுக்காம மாடிப்படி ஏறாதீங்கன்னுட்டேன். மூணு நாளு போன எடுக்கல. இன்னைக்குக் கூப்புட்டுக் குடுத்தாரு. நான் பிரிச்சுப் பாக்கல."

வினிதா நூலை அறுத்தாள். அட்டையில், கழுகின் சிறகுமேல், ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது. 'தெ. தெட்சிணாமூர்த்தி, தலத்தெரு, காரைக்கால்.' அவள் அட்டையைப் புரட்டினாள். முதல் பக்கத்திலும் இருந்தது. இரண்டாம் பக்கத்திலும் இருந்தது. ஓரத்தில் இல்லை, படங்களின் நடுவில், முகங்களின்மேல். அறுபது பக்கத்திலும் குத்தியிருந்தார். சில பக்கங்களில் அழுத்தம் போதவில்லை என்று இரண்டு தடவை குத்தியிருந்தார்.

"யா அல்லாஹ்" என்றார் இக்பால். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அரசப்பன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஈரத் துணியை எடுத்துவந்து ஒரு முத்திரையின் ஓரத்தை மெல்லத் துடைத்தார். மை பரவியது. துணியைக் கீழே வைத்தார். "இவ்வளவையும் உக்காந்து குத்தியிருக்கான். எவ்வளவு நேரமாயிருக்கும்" என்றார். அந்த மனிதரை அவர் அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வினிதா கூட்டத்துக்குப் போனாள். தெட்சிணாமூர்த்தி வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் யாரிடமும் பேசாமல் புத்தகத்தை மேசை நடுவில் விரித்து வைத்தாள்.

முதலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள்.  சிவநாதன் ஒரு முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? மனுஷன் செய்யுற வேலையா இது?" என்றார் அவர்.

"எங்கிட்ட இருந்தப்ப அது என் புத்தகம். என் புத்தகத்துல என் பேரப் போட்டுக்குவேன்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"நாட்டுல நாலு பிரதிகூட இருக்காது சார் இது."

நாகூர்க்காரர் ஒருவர், தெட்சிணாமூர்த்தி பார்ப்பதற்காகக் கையில் வைத்திருந்த தன் புத்தகத்தை எட்டி வாங்கிக்கொண்டார். "இத நான் விக்கலைங்க" என்றார். இன்னொருவரும் தன் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தெட்சிணாமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

சிவநாதன் வினிதாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "நாங்க எல்லாரும் ஒங்க பக்கம்தாம்மா."

வினிதா அவரைப் பார்த்தாள். "எங்கப்பன ஏமாத்துனாருன்னு குரூப்புல போட்டப்ப நீங்க எம்பக்கம் இல்லைங்களே சார். கருவாடுன்னு சொன்னப்பவும் இல்ல. தாளுல மை பட்ட ஒடனே வந்துட்டீங்க."

 அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகு அந்த மாடிக்குப் போகவில்லை.

ஆகஸ்டில் இக்பால் போன் செய்தார். தெட்சிணாமூர்த்தி மறுபடி வர ஆரம்பித்துவிட்டார் என்று கூச்சத்தோடு சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். சிவநாதன் அவருக்கு இரண்டு இதழ் விற்றாராம்.

"வரட்டும்ணே" என்றாள் வினிதா.

அந்த மாதமே கும்பகோணத்திலிருந்து ஒருவர் அவளுக்குப் போன் செய்தார். மாமனார் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய காமிக்ஸ் கொஞ்சம் கிடைத்ததாகவும், அவளுடைய எண்ணை யாரோ கொடுத்ததாகவும் சொன்னார். பட்டியலைப் படித்தார். அதில் செங்கழுகு ஒன்பதும் இருந்தது. அட்டை பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஒரு பக்கம்கூடக் குறையவில்லை என்றார். "காரைக்கால்லேர்ந்து பெரியவர் ஒருத்தரும் கேட்டிருக்காருங்க. ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன்னாரு."

"நான் நாளைக்கே வர்றேன்" என்றாள் வினிதா.

லீவு போட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் போனாள். அவர் கேட்ட விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கீழே. பேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தாள். ஆனால் பையைத் திறந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அரசப்பன் அதை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தார். "நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே. ரெண்டு எதுக்கும்மா?"

"அந்தாளுக்கு இல்லாம இருக்கணும்ல."

அரசப்பன் அட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு புத்தகத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.